ஈடு செய்யும் சனிக்கிழமை

எங்கள் அலுவலகத்தில் சோம்பேறி என்று ஒருவர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்க வேலை என்றாலே மேசைமேல் தலை வைத்துத் தூங்குவது என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து எங்கள் பிரிவில் உட்கார்ந்து பார்க்கட்டும். காலையில் வந்து கையெழுத்துப் போட்டதிலிருந்து சாயங்காலம் பையை எடுக்கும்வரை எழுதுகிறோம், தட்டச்சு செய்கிறோம், கோப்பைக் கட்டுகிறோம், அவிழ்க்கிறோம், மறுபடியும் கட்டுகிறோம். வீட்டுக்குப் போகும்போது இடுப்பு கழன்றுவிடுகிறது. இவ்வளவும் செய்து என்ன முடிந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். என்னிடம் பதில் இல்லாத கேள்வி எதைக் கேட்டாலும் எனக்கு அப்படித்தான்.

நான் இருப்பது பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில். திருச்சியில் எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நாளைக் காலையும் நான் அங்கேதான் போக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் கொஞ்சம் காற்று வாங்கி, சத்திரம் பஸ் நிலைய நெரிசலில் அந்தக் காற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்ச் சேருவேன்.

என் கணவருக்குக் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலை. "நாங்க இரும்பைக் காய்ச்சி, வளைச்சு, ஒட்டவச்சு, லாரில ஏத்தியும் அனுப்பிடுவோம். அதுக்குள்ள உங்க ஆபீஸ்ல ஒரு எழுத்து மாறாது" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கிண்டல் செய்வார். என் கையில் ரசக் கரண்டி இருக்கும்போது என்னைச் சீண்டக் கூடாது என்பது இத்தனை வருடமாகியும் அவருக்குப் புரியவில்லை. அப்படிப் பேசிய நாட்களில் அவருக்கு வெறும் மோர் சாதம்தான்.

வெளியாட்களுக்கு எங்கள் வேலையைப் பற்றித் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எங்களிடம் ஆள் கிடையாது, சீட்தான் உண்டு. வேலை ஆளிடம் வராது, சீட்டுக்கு வரும். மாதம் ஒருமுறை கண்காணிப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த சீட்டில் எவ்வளவு நிலுவை என்று உரக்க வாசிப்பார். நிலுவை வைத்திருப்பவர் அன்று முழுவதும் தலை குனிந்தபடி டீ குடிப்பார். நிலுவை இல்லாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலையை முடிப்பது. முடித்தால் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது தப்பு என்று வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் பிடிப்பார்கள். இன்னொன்று, கோப்பில் ஒரு கேள்வியை எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவது. கேள்வி கேட்டதற்காக மெமோ வாங்கிய ஆள் எங்கள் அலுவலகத்தில் இதுவரை கிடையாது. மேசையும் சுத்தம், மனசும் சுத்தம். இதற்கு எங்களிடையே 'கேள்வி போடுவது' என்று பெயர்.

கேள்வி போடுவதில் மன்னர் என் பக்கத்து சீட் உதவியாளர். என்னிடமிருந்து கோப்பு அவருக்குத்தான் போகும். அவரைத் தாண்டினால்தான் கண்காணிப்பாளர். நல்ல மனிதர். எல்லோருக்கும் முன்னால் வருவார், எல்லோருக்கும் பின்னால் போவார். வருகிறவர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. மாங்கு மாங்கென்று உழைப்பார். அவர் உழைக்க உழைக்க ஒரு வேலையும் நகராது. எப்பேர்ப்பட்ட கோப்பைக் கொடுத்தாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்து, வேறு யாருக்கும் தோன்றாத ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல்லில் சிக்கிய பாக்கு கடைசியில் வெளியே வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இருக்கும்.

இப்படி நாங்கள் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்த பாய் எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். பெரிய கடைவீதிப் பக்கம் அத்தரும் தொப்பியும் விற்கிற கடை வைத்திருப்பவர். அவர் வந்தால் பழைய காகித வாடை அடிக்கும் எங்கள் அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கும். தோளில் ரோஸ் கவுன் போட்ட ஒரு பச்சைக் குழந்தை. பின்னால் அவருடைய மகள், குழந்தையின் தாய்.

"பாப்பா பொண்ணும்மா. பேப்பர்ல பையன்னு போட்டுட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை மாத்தணும், அவ்ளோதான்" என்றார்.

குழந்தை பிறந்தது புத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். அங்கே கணினியில் விவரம் ஏற்றியவர் என்ன அவசரத்தில் இருந்தாரோ தெரியவில்லை. 'ஆண்' என்று தானாக வந்து நிற்கும் இடத்தை மாற்றாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நாங்களும் அதை அப்படியே ஏற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம்.

மருமகன் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கிளம்பிப் போனவர், இன்னும் அதன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. கம்பெனியில் குடும்பத்தோடு தங்க வீடு தருகிறார்கள், மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். அதற்குக் குழந்தைக்கு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெண் பிள்ளையை ஆண் என்று சொல்லும் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த விமானத்தில் ஏறுவது?

நான் அன்றைக்கே மனுவை வாங்கி, குறிப்பு எழுதி, சாயங்காலத்துக்குள் பக்கத்து சீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் சீட்டில் எதுவும் தங்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் முத்திரை தெளிவாக இல்லையாம். பாய் முகம் சுளிக்காமல் புத்தூருக்குப் போய், காகிதம் பொத்துப்போகிற அளவுக்கு அழுத்திக் குத்திய முத்திரையோடு வந்தார். அதற்குள் குழந்தைக்குக் கழுத்து நின்றிருந்தது. தாத்தாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த கேள்வி, நேரடி விசாரணை அறிக்கை எங்கே என்பது. சுகாதார ஆய்வாளர் வீட்டுக்குப் போய், குழந்தையைப் பார்த்து, பெண்தான் என்று எழுதித் தர வேண்டும். ஆய்வாளரும் கடமை தவறாதவர். வேகாத வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு பழைய நகரத்துச் சந்துகளில் வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார். வீடு பூட்டியிருந்தது. 'வீடு பூட்டியிருந்தது' என்று அறிக்கை எழுதிவிட்டார். வீட்டில் ஏன் யாரும் இல்லை என்றால், ஆய்வாளர் எப்போது வருவார் என்று கேட்பதற்காகக் குடும்பமே எங்கள் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு தடவை போனார். அன்றைக்கு அவர்கள் ஒரு கல்யாணத்துக்காக வையம்பட்டி போயிருந்தார்கள். மறுபடியும் 'வீடு பூட்டியிருந்தது'. இரண்டு அறிக்கையிலும் பொய் ஒரு சொல் இல்லை. கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது.

இதற்குள் குழந்தை உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டது. பாய் என்னிடம் பேசி முடிக்கும்வரை அதை என் மேசைமேல் உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. குண்டூசி டப்பாவை ஒளித்தேன், பசையை ஒளித்தேன். ரப்பர் முத்திரையை ஒளிக்க மறந்தேன். பல் முளைக்கிற ஊறலில் குழந்தை அதை எடுத்துக் கடித்ததில், அதன் கன்னத்தில் ஊதா மையில் 'பெறப்பட்டது' என்று பாதி அச்சாகிவிட்டது. "சீல் விழுந்துடுச்சு, இனிமே உங்க ஆபீஸ் புள்ளைதான்" என்று பாய் சிரித்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே சிரித்தோம். எங்களுக்கு அந்தக் குழந்தை வரும் நாள் நல்ல நாள். அது எதற்காக இத்தனை நாள் வந்துகொண்டிருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது கேள்வியைத்தான் உதவியாளரின் சாதனை என்று சொல்ல வேண்டும். 'மனுதாரர் கூற்றுப்படி குழந்தை பெண் எனில், இரட்டைக் குழந்தைகள் பிறந்து அதில் ஒன்று ஆணாக இருந்து, பதிவான விவரம் அந்தக் குழந்தைக்கு உரியதாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதைத் தெளிவுபடுத்தவும். ஆண் குழந்தை ஏதும் பிறக்கவில்லை என்பதற்கான ஆதாரம் இணைக்கவும்.'

நான் இதைப் பாய்க்குப் படித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"பொறக்காத புள்ளைக்கு நான் எங்கம்மா போய் ஆதாரம் வாங்குவேன்?"

நான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். "என்னைப் பார்த்து முறைச்சா எப்படிம்மா? நாளைக்கு ஆடிட்ல இதே கேள்வியைக் கேட்டா நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?" என்றார் அவர். குரலில் துளி கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் 'ஒரே குழந்தைதான் பிறந்தது' என்று எழுதி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் குண்டூசியை வழக்கத்தைவிட அழுத்திக் குத்தினேன். என் வீரம் அத்தோடு நின்றது.

பாயின் மகள் அதிகம் பேசாத பெண். அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். ஒருநாள் குழந்தை கவுன்ட்டருக்கு அடியில் தவழ்ந்து உள்ளே வந்து என் செருப்பை இழுத்தது. நான் தூக்கிக் கொடுத்தபோது அவள் தானாகப் பேசினாள்.

"உக்காந்ததையும் தவழ்ந்ததையும் அவர் போன்லதாங்க பார்த்தார். நடக்குறதையாச்சும் நேர்ல பாத்துடணும்னு சொல்லிட்டு இருக்கார். தெனம் போன் எடுத்தா மொதக் கேள்வியே, நடந்துட்டாளா, நடந்துட்டாளான்னுதான். இவ என்னன்னா செவுத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கப் பாக்குறா. இப்ப வேணாம்டின்னு நான் புடிச்சுப் புடிச்சு உக்கார வைக்கிறேன்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிள்ளை எப்போது நடக்கும் என்று ஏங்குகிற தாய்மார்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நடக்காதே என்று பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பவளை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் செய்கிறவர் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அவருக்கு ரசமும் ஊற்றியிருந்தேன்.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஊரே ரங்கநாதரைப் பார்க்க வரும்போது அலுவலகத்தை யார் பார்ப்பது? அதற்குப் பதிலாகப் பின்னால் ஒரு சனிக்கிழமையை ஈடு செய்யும் பணி நாளாக அறிவிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை மாதிரி ஒரு விநோதத்தை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் திறந்திருப்பது ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஊழியர்களில் பாதிப் பேர் லீவு. விடுமுறைக்கு ஈடாக வேலை, அந்த வேலைக்கு ஈடாக லீவு என்று கணக்கு நேராகிவிடும். மாட்டிக்கொண்டு வந்தவர்கள், வராதவர்களின் சீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பதுதான். காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை சாப்பிடுவோம்.

லீவே போடாத எங்கள் உதவியாளர் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவருடைய சீட்டும் என் பொறுப்பு. எங்கும் ஒரு சத்தம் இல்லை. கண்காணிப்பாளர் மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரங்கள் உட்பட வாசித்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் எழுந்து பெருமாள் சேவித்துவிட்டு எனக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் அறையில் அத்தர் மணத்தது. பாய், மகள், குழந்தை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள்.

"பாப்பாவுக்கு ஊசி போட புத்தூர் போயிட்டு இருந்தோம்மா. பஸ்லேர்ந்து பாத்தா ஜன்னல் தொறந்திருந்துச்சு. சனிக்கிழமையாச்சேன்னு நெனச்சேன். சரி, எறங்கித்தான் பாப்போமேன்னு வந்தோம்."

"வாங்கோ, வாங்கோ. இன்னிக்கு யாரு வரப்போறான்னு நெனச்சிண்டே இருந்தேன்" என்று கண்காணிப்பாளர் பேப்பரை மடித்து வைத்தார். வேலை நாள்களில் அவரிடம் ஒரு நிமிடம் பேச ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அன்றைக்கு அவருக்கே பேச்சுத் துணை தேவைப்பட்டது. பாய் சொன்னதை எல்லாம் முதன்முதலாக முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோப்பு எங்கே இருக்கு?"

"உதவியாளர் சீட்ல சார்."

"அந்த சீட் இன்னிக்கு யாரு?"

"நான்தான் சார்."

"அவர் கேள்வி போட்டா எந்த சீட்டுக்குத் திரும்பி வரும்?"

"அதுவும் என்னுதுதான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு நான் கேள்வி போட்டால், அந்த நாற்காலியிலிருந்து எழுந்து இந்த நாற்காலிக்கு வந்து நானே பதில் எழுத வேண்டும். கோப்பு திரும்பிப் போவதற்கு இடமே இல்லை. மேலேதான் போயாக வேண்டும். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

கோப்பை எடுத்துப் பிரித்தேன். முத்திரை இருந்தது. ஒரே குழந்தைதான் பிறந்தது என்ற கடிதம் இருந்தது. ஆய்வாளரின் அறிக்கை மட்டும்தான் பாக்கி. ஆய்வாளர் வெளியே வராந்தாவில் யாரிடமோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டார்.

"களத்துக்குப் போய் விசாரிக்கணும் சார். வீட்ல வச்சுப் பார்த்ததாத்தான் அறிக்கை வரணும்" என்றார் ஆய்வாளர்.

"கொழந்தை இங்கேயே வந்துடுத்தே சார். களமே உம்மைத் தேடிண்டு வந்திருக்கு. நீர் போனா வீடு பூட்டித்தானே இருக்கும், அவா எல்லாரும் இங்கேன்னா இருக்கா!"

"அறிக்கையில இடம்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"இடம், அலுவலகம்னு எழுதுங்கோ. இதுவும் பூமிதானே."

ஆய்வாளர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து குழந்தையைப் பார்த்தார். குழந்தையும் அவரை ஏற இறங்கப் பார்த்தது. காதில் பொட்டுக் கம்மல், கையில் கண்ணாடி வளையல், நெளிநெளியாக முடி.

"பொண்ணுதானேம்மா?"

"பொண்ணுதாங்க."

எழுதினார். அவ்வளவுதான் விசாரணை. நான் உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்டார். உள்ளறையில், கடைசிக் கையெழுத்துப் போட வேண்டிய எங்கள் அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். ஈடு செய்யும் சனிக்கிழமையில் கோப்பு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். யாருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். கணினியில் 'ஆண்' என்பதைப் 'பெண்' என்று மாற்றினேன். அன்றைக்கு யாரும் பயன்படுத்தாததால் சர்வர்கூட முரண்டு பிடிக்கவில்லை. பாய்க்காகக் கண்காணிப்பாளர் சொல்லியனுப்பிய டீ வந்து சேர்வதற்குள் சான்றிதழ் சூடாக பிரின்ட்டரிலிருந்து வெளியே வந்துவிட்டது.

பாய் அதை இரண்டு கையிலும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மகளிடம் காட்டினார். அவள் அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோதானாம்மா வேலை?" என்றார் பாய்.

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில், ஆச்சரியத்தில் கேட்டார். "அவ்ளோதான் பாய்" என்று சொல்லிவிட்டு டீ கிளாசை அவர் பக்கம் நகர்த்தினேன். கண்காணிப்பாளர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். பாஸ்போர்ட்டுக்கு எப்போது போவது, என்னென்ன எடுத்துப்போவது, விமானத்தில் குழந்தைக்குக் காது அடைத்தால் என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கல்யாணம் நிச்சயமான வீடு மாதிரி இருந்தது. காகிதத்தைச் சுற்றி நின்றிருந்த எங்கள் யாருக்கும் குழந்தையின் நினைவு இல்லை. அதை யாரோ கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அது நின்றிருந்தது.

எதிர்ப்பக்க மேசையில் வைத்திருந்த ஆய்வாளரின் போன் அடித்தது.

குழந்தை திரும்பிப் பார்த்தது. பெஞ்சிலிருந்து கையை எடுத்தது. ஒரு கணம் ஆடியது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, போன் சத்தம் வந்த திசையில் நடந்தது. வளையல் குலுங்க, வாய் கொள்ளாத சிரிப்போடு, தரை முழுவதையும் கடந்து மேசைக் காலைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் கத்திய கத்தலில் அதிகாரியே அறைக்கு வெளியே வந்துவிட்டார். ஆய்வாளர் கை தட்டினார். "ரங்கா, ரங்கா! நடந்துடுத்து பாருங்கோ!" என்று கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நான் விசிலடிக்காத குறை. பாய் "மாஷா அல்லா" என்று ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்.

"போன் அடிச்சா போதும் சார், ஷார்ஜாவுலேர்ந்து அவங்க அத்தா கூப்பிடுறார்னு நெனச்சுக்கும். அதுக்குத்தான் ஓடியிருக்கு" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். கையில் சான்றிதழ்.

"யாராச்சும் வீடியோ எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

யாரும் எடுக்கவில்லை. ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

உடனே எல்லோரும் போனைக் கையில் எடுத்தோம். குழந்தையை மறுபடியும் பெஞ்சின் பக்கத்தில் நிறுத்தினோம். ஆய்வாளர் தரையில் முட்டி போட்டுக்கொண்டு "வாடா கண்ணு, வா, வா" என்று கை நீட்டினார். கண்காணிப்பாளர் சாவிக்கொத்தை ஆட்டினார். நான் வேறொரு போனிலிருந்து ஆய்வாளரின் போனுக்கு அடித்தேன். அடிக்க அடிக்கக் குழந்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தது. பிறகு தொப்பென்று உட்கார்ந்து, வளையலைக் கடிக்க ஆரம்பித்தது. நாங்கள் என்ன செய்தும் எழுந்திருக்கவே இல்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவ்வளவு பேர் ஒரே வேலையை அவ்வளவு மும்முரமாகச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் அந்தப் பெண் வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"பரவால்லைங்க. அவர்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. அங்க போய் எறக்கி விட்டதும், அவரைப் பாத்துத்தான் மொதமொதல்ல நடந்தாள்னு இருக்கட்டும்." பாயின் பக்கம் திரும்பினாள். "அத்தா, நீங்களும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க." பிறகு தயக்கத்தோடு எங்களைப் பார்த்தாள். "நீங்களும் யாரும் சொல்லிடாதீங்க."

ஷார்ஜாவில் இருக்கிற அந்த மனிதரை நாங்கள் எங்கே பார்க்கப் போகிறோம்? ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் இன்னும் தரையில்தான் இருந்தார். கண்காணிப்பாளர் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சொல்ல மாட்டோம்மா" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.